நூற்று அறுபத்தோரு படிகள்

எங்கள் வீட்டுக்கும் கடைவீதிக்கும் நடுவே
நூற்று அறுபத்தோரு படிகள்.
வல்பராய்சோவில் தெரு என்றாலே
பாதி படிக்கட்டுதான்.
தபால்காரர்களுக்குக் கெண்டைக்கால் பருத்திருக்கும்.
நாய்கள்கூட நின்று நின்றுதான் மேலே போகும்.

நான் இழுவை வண்டி ஓட்டுகிறவன்.
ஒரு பெட்டி ஏற, ஒரு பெட்டி இறங்கும்.
பத்தொன்பது வருஷத்தில்
யாரையும் கீழே விட்டதில்லை.

இலாரியோவுக்கு ஐந்து வயசு.
விழுகிறான்.

படியில் விழுந்தால் படியைச் சொல்லலாம்,
மழை என்றால் மழையை.
சமையலறையில், ஒன்றுமே இல்லாத இடத்தில்,
ரொட்டித் துண்டோடு நின்றவன்
யாரோ கூப்பிட்டதுபோலத் தரைக்குப் போகிறான்.

காலணி பெரிசு என்றாள் ஒத்திலியா.
சின்னதாய் வாங்கினோம்.
கண் சரியில்லையோ என்றார் எதிர்வீட்டு எர்மீந்தா.
துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் கொடியை
எங்களுக்கு முன்னால் அவன்தான் நிறம் சொல்கிறான்.
பையன்கள் அப்படித்தான் என்றான் என் அண்ணன்.
அந்த ஒரு வாக்கியத்தை ரொம்ப நாள் வைத்திருந்தேன்,
சட்டைப்பையில், சில்லறையோடு.

பாலர் பள்ளி ஆசிரியை
முழங்காலையும் முகவாயையும் பார்த்துவிட்டு
வீட்டில் எல்லாம் சரிதானே என்று கேட்டார்,
மிக மெதுவாக.
ஏனோ என் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.
கம்பி வடத்தின் கிரீஸ், எத்தனை கழுவியும் போகாதது.
அது எதற்குச் சாட்சி?

எரிவாயு ரசீதின் பின்பக்கம்
ஒத்திலியா கோடு போட ஆரம்பித்தாள்.
செவ்வாய் ஏழு.
புதன் பதினொன்று.
ஞாயிறு எதுவும் இல்லை:
கடற்கரை மணலில் விழுந்ததைச் சேர்ப்பதா வேண்டாமா என்று
எங்களுக்குள் சண்டை.
மணலில் எல்லாரும்தான் விழுகிறார்கள் என்றேன் நான்.
அவள் பென்சிலை வைத்துவிட்டுப்
பாத்திரம் கழுவப் போனாள்.
கழுவின பாத்திரங்களையே மறுபடி.

டாக்டர் உர்சுவா சுத்தியலை எடுக்கவில்லை.
தரையில் உட்கார் ராஜா என்றார்.
இப்போது எழுந்திரு.

குப்புறத் திரும்பினான்.
பிட்டத்தைத் தூக்கிக் கைகளைத் தரையில் ஊன்றினான்.
பிறகு ஒரு கை கணுக்காலில்,
ஒரு கை முழங்காலில்,
தொடையில், இன்னும் கொஞ்சம் மேலே,
தன்மேல் தானே ஏறி
நின்றான்.

நூறு தடவை பார்த்திருக்கிறேன் இதை.
விளையாட்டு என்று நினைத்தேன்.
"வாடா கிழவா" என்று சிரித்திருக்கிறேன்.

டாக்டரின் பேனா நின்றது.
எனக்காக இன்னொரு தடவை, என்றார்.
அவனுக்குப் பெருமை.
இந்தத் தடவை வேகமாகச் செய்து காட்டினான்.

இரத்தம் எடுத்தார்கள்.
முடிவு அடுத்த வியாழக்கிழமை.
அதுவரை எதற்கும் பெயர் வைக்க வேண்டாம் என்றார்.
பெயர் அவருக்குத் தெரியும்.
அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில்
அது இருந்தது.

திரும்பும்போது இழுவை வண்டிக்கு இழுத்தேன்.
என் மகனுக்கு டிக்கெட் கிடையாது.
மாட்டேன், படிதான் என்றான்.
எண்ணிக்கொண்டே ஏறினான்.
இருபத்தொன்பதுக்குப் பிறகு
அவன் கணக்கில் நேராக ஐம்பதுதான் வரும்.
மீன் கூடைக்காரி ஒருத்தி வழிவிட்டு
எங்களுக்குப் பின்னாலேயே வந்தாள், அவசரமில்லாமல்.

அறுபத்தி இரண்டில் விழுந்தான்.
தூக்கக் குனிந்தவன் பாதியில் நின்றேன்.
முதுகு அப்படியே வளைந்திருந்தது.
கணுக்கால். முழங்கால். தொடை.
எழுந்தான், உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.

"அப்பா,
விழுந்த படியைச் சேர்க்கணுமா?"

ஒத்திலியா என்னைப் பார்க்கவில்லை,
கடலைப் பார்த்தாள்.

சேர்த்துக்கோ, என்றேன்.