உள்பக்கத் தாழ்ப்பாள்

ஸ்டான்லியில் கொடுத்த அட்டையில்
எண்பது சதவீதம் என்று போட்டிருக்கிறது.
யார் எதை வைத்து அளந்தார்களோ.
எனக்குத் தெரிந்த கணக்கு வேறு:
கக்கூஸ் வாசல் இருபத்து நாலு இஞ்ச்.
என் வண்டி இருபத்தைந்து.

வண்டி இலவசம். கொடுத்த அன்றைக்கு
சால்வை போர்த்தி போட்டோ எடுத்தார்கள்.
வாசலை வந்து அளக்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.
அந்த ஒரு இஞ்சில்
ஆறு வருஷம் போனது.

கொருக்குப்பேட்டை, வாரிய வீடு, தரைத்தளம்.
முன்பு இரண்டாம் மாடி.
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவைக்
கன்டெய்னர் லாரி உரசிய பிறகு
கீழ்வீட்டுக்காரர்கள் சாவியை மாற்றிக்கொண்டார்கள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
கிரைண்டரைக்கூட அவர்களே மேலே தூக்கிப் போனார்கள்.

விடிகாலை ஐந்தரை.
தண்ணி லாரி வருவதற்கு முன்னால்
அண்ணி என்னை அள்ளிக்கொண்டு போவாள்.
கதவைச் சாத்தினால் அவளுக்கு நிற்க இடமில்லை,
அதனால் பழைய புடவையில் ஒரு திரை.
திரைக்கு அந்தப் பக்கம் கனகதுர்கா,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
ஒரு கையில் திரை, இடுப்பில் காலிக் குடம்.
நல்லவள். அதுதான் கஷ்டம்.
திட்டுகிறவளாய் இருந்தால்
வேண்டுமென்றே உட்கார்ந்திருப்பேன்.

அந்த நேரம் கூட்ஸ் வண்டி போகும்.
பெட்டிகளை எண்ணுவேன்.
நாற்பது பெட்டிக்குள் முடித்துவிட வேண்டும்.
ராத்திரி தண்ணீர் குடிப்பதில்லை.
மதியம் அரை டம்ளர்.
ஊருக்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருஷம்
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தேசப்பன் மீன்பாடி வண்டிக்கு பாடி கட்டுகிறவர்.
என் முன்சக்கரம் ஒன்று கழன்றதென்று
அண்ணன் எட்டியப்பன் கூட்டி வந்தான்.
வந்தவர் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டவில்லை.
சக்கரத்தை மாட்டிவிட்டு
எச்சில் கையைத் துடைக்க வந்தவர் மாதிரி
கக்கூஸ் வாசலில் நின்று பார்த்தார்.
காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தார்.
"சட்டத்த அறுத்துட்டா மூணு இஞ்ச் கெடைக்கும்.
கதவு வெளிய தொறக்கட்டும்.
உள்ள தொறக்குற மாரி எவன் வெச்சான்?"

எவன் வைத்தானோ.
நின்றுகொண்டு வைத்திருப்பான்.

இரண்டு நாள் தீப்பொறி.
சுவரில் பைப்பை வளைத்து ஒரு பிடி.
"தொங்கிப் பாரு" என்றார்.
தொங்கினேன்.
சந்தேகம் தீராமல் அவரும் தொங்கினார்,
தொண்ணூறு கிலோ ஆள்.

தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:
"உக்காந்தமேனிக்கு கைய நீட்டு. எங்க வோணும்?"

எங்க வோணும்.
டீ வேணுமா, மாத்திரை வேணுமா,
ஜெபத்துக்கு ஆள் வரணுமா
என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.
எங்கே என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
கை நீட்டினேன்.
விரல் நுனி பட்ட இடத்தில்
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

நேற்று விடிகாலை நானே போனேன்.
பழக்க தோஷத்தில் அண்ணியும் எழுந்து வந்தாள்.
தாழ்ப்பாளைப் போட்டேன்.
எடுத்தேன். மறுபடி போட்டேன்.
"இன்னாடி ஆச்சு?" வெளியிலிருந்து குரல்.
பதில் சொல்லவில்லை.
சொல்லாமல் இருக்க முடிகிறது என்பதே
புதிதாய் இருந்தது.
கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு
செருப்புச் சத்தம் குடங்களின் பக்கம் போனது.
கூட்ஸ் வண்டி வந்தது, போனது.
எத்தனை பெட்டி என்று கேட்காதீர்கள்.

தேசப்பனுக்கு இன்னும் முந்நூற்றைம்பது பாக்கி.
ஃபால்ஸ் தைக்க வந்த அஞ்சு புடவையை முடித்தால் அடைந்துவிடும்.
வாசல் படிக்குச் சரிவு நாளைக்கு என்றிருக்கிறார்.
அவர் நாளைக்கு என்றால் அடுத்த மாசம்.
படிக்கு அப்பால் சாக்கடை மூடி உடைந்து கிடக்கிறது,
அதற்கப்பால் தெரு,
தெருவுக்கு அப்பால் லெவல் கிராசிங்.

ராத்திரி, சாப்பிட்ட பிறகு,
இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.