இரண்டு இரவு, காலை உணவு உட்பட

தொழிற்சங்கம் கொடுத்த சீட்டு.
சோஃபியாவில் இருபத்தாறு வருடம் டிராம் ஓட்டிய
வலது தோளுக்கு ஒரு பரிசு.
ரோடோபி மலை, பைன் காடு,
வெந்நீர் ஊற்று, நீராவி அறை, மசாஜ்
என்று அச்சடித்திருந்தது.
படத்தில் ஒருத்தி கண்மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவள் இங்கே வந்ததே இல்லை என்று
முதல் இரவே தெரிந்துபோயிற்று.

உள்ளதைச் சொல்கிறேன்.
பேருந்து நிற்குமிடத்திலிருந்து பத்து நிமிடம் என்றது சீட்டு.
நாற்பது நிமிட ஏற்றம்.
நவம்பர் கடைசி. பனி விழவில்லை,
இதோ அதோ என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது.
வாசலில் ஒரு நாய்.
என் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு
இவனும் இரண்டு நாள்தான் என்று படுத்துக்கொண்டது.

அறை எண் மூன்று.
ஹீட்டர் குழாய்க்குள் ராமுழுக்க
யாரோ கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
கம்பளி இரண்டு, இரண்டிலும் ஆட்டு வாடை.
துவாலை ஒன்று.
ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு.
அது மட்டும்
படத்தில் இருந்ததைவிடப் பெரிது.

குளம் என்று அவர்கள் சொல்வது
நான்கு பேர் நின்றால்
ஐந்தாமவர் மன்னிப்புக் கேட்டு இறங்க வேண்டிய தொட்டி.
தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம்.
கந்தகம், எலும்புக்கு நல்லது என்றார்
விடுதிக்காரர் க்ரஸ்த்யோ.
நீராவி அறைக் கதவில் 'பழுது' என்றொரு அட்டை.
அட்டையின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது.
உதிரிபாகம் வரவேண்டும் என்றார்.
எப்போது சொல்லி அனுப்பினீர்கள்?
ஈஸ்டருக்கு முன்னால்.
சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தக்கூட இல்லை மனிதர்.

மசாஜ் மாலை ஐந்துக்கு.
மதியம் எனக்கு பீன்ஸ் சூப் ஊற்றிய அதே நெவ்யானா
வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள்.
விரல்களில் இன்னும் பூண்டு.
எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்,
முகம் மேஜையின் ஓட்டைக்குள் இருக்க,
அவளுடைய ரப்பர் செருப்பைப் பார்த்தபடி.
படிக்கவில்லை, என்றாள்.
தெஸ்ஸலோனிகியில் ஒன்பது வருடம்
படுக்கையில் கிடந்த ஒருவரைப் புரட்டிப் போட்டேன்,
இரண்டு மணிக்கொரு முறை, ராத்திரியிலும்.
ஒரு புண் வரவில்லை அவருக்கு.
கொஞ்சம் பொறுத்து
மறுபடியும் சொன்னாள்: ஒன்றுகூட.

தோளில் எங்கே என்று அவள் தேடவில்லை.
தன் வீட்டு சுவிட்சை இருட்டில் தொடுகிறவள்போல்
நேரே அங்கே போய் நின்றது கட்டைவிரல்.
கெட்ட வார்த்தை ஒன்று என் வாயிலிருந்து விழுந்தது.
அவரும் அதேதான் சொல்வார், என்றாள், கிரேக்கத்தில்.

பிறகு மல்லாந்து படுக்கச் சொன்னாள்.
நான் எழுவதற்குள்
இடுப்பில் ஒரு கை, தோளுக்கடியில் ஒரு கை,
தொண்ணூற்று நாலு கிலோவை
தோசையைப்போல் திருப்பிப் போட்டுவிட்டாள்.
தினம் எத்தனை ஆயிரம் பேர்
என் முதுகுக்குப் பின்னால் ஏறி இறங்குகிறார்கள்.
அந்த முதுகை ஒருவர் தொட்டு
எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.
கண் கலங்கியது. பூண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் விடியுமுன் மூணே முக்காலுக்கு விழித்தேன்,
டிப்போ பழக்கம்.
கீழே வெளிச்சம்.
நீராவி அறையில் க்ரஸ்த்யோ
வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு
ஏதோ ஒரு திருகாணியோடு மல்லுக்கு நின்றார்.
நாய் மட்டும் கூட இருந்தது.
பார்க்காதவன்போல் மாடியேறிவிட்டேன்.

புறப்படும்போது பதிவேட்டை நீட்டினார்கள்.
நேர்மையாக எழுதுங்கள் என்றாள் நெவ்யானா.
எழுதினேன்: துவாலை இரண்டு வைக்கவும்.
சூப்பில் உப்பு போதவில்லை.
பேருந்துக்கு நாற்பது நிமிடம், பத்து அல்ல.
கட்டைவிரலைப் பற்றி எழுத
பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.
கீழே டிரைவர் ஹாரன் அடித்தார்.

விட்டுப்போனது இது:
தோள்வலி புதன்கிழமை திரும்பி வந்தது.
திங்களும் செவ்வாயும் வரவில்லை.
அதையும் சேர்த்துக்கொள்ளவும்.