நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடைப்பையன் கேட்டான்,
அஞ்சு இஞ்சா, எட்டு இஞ்சா?
எட்டில்தான் ஆசை.
ரூம் எவ்வளவுண்ணா என்றான் பிறகு.
பத்துக்கு ஒன்பது.
மேலே சிமெண்ட் ஷீட்,
ஒரு சுவர் முழுக்கக் கம்பெனியில் கழித்த கிரானைட் துண்டுகள்,
கத்தினால் கத்தியவன் மூஞ்சிக்கே திரும்பி வரும்.
பேசாமல் எட்டை உள்ளே வைத்துவிட்டு அஞ்சை எடுத்தான்.
பாஸ் வேணும்னா மூலையோரம் தள்ளுங்க,
தானா வரும், அப்புறம் போகாது என்றான்,
கடன் வாங்கித் தருகிறவன் மாதிரி.

மஞ்சள் வயிற்று ஜோடியில் எல்லாமே இனித்தது.
மல்லேஷின் குரல்கூட இனித்தது.
அங்கேதான் சந்தேகம்.
வெள்ளை வயிற்று ஜோடியில் அதே பென்டிரைவ்:
மல்லேஷின் மூச்சு, பிளாஸ்டிக் நாற்காலியின் கிறீச்,
பின்னால் பர்கூர் பைபாஸில் கியர் மாற்றும் லாரி,
ஒவ்வொன்றும் கணக்குக் கேட்க வந்தவர்போல்
தனித்தனியாக நின்றன.
இதையே கட்டு என்றேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு. தவணைதான்.

பஸ்ஸில் ஒன்று மடியில், ஒன்று காலடியில்.
கண்டக்டர் இரண்டுக்கும் லக்கேஜ் போட்டார்.
பெட்டிக்குள் ஒரு தாள். அதில் ஒரு கோடு,
ஐம்பது ஹெர்ட்ஸில் கிளம்பி இருபதாயிரம் வரை
புதுசாகப் போட்ட நாலுவழிச் சாலை.
சூளகிரி தாண்டும்போது ஞாபகம் வந்தது,
பர்ஸில் நாலாய் மடித்த இன்னொரு தாள்.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, காதுப் பிரிவு.
அதிலும் ஒரு கோடு,
நேராகத்தான் வருகிறது,
நாலாயிரத்தில் சட்டென விழுந்து
எட்டாயிரத்தில் பாதி ஏறி நிற்கிறது.
குவாரியைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி.
இடது காதில் ஆழம் அதிகம்.
பதினோரு வருஷம் கட்டர் எனக்கு இடப்பக்கம்.

இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஷேர் மார்க்கெட்டா என்றார் பக்கத்து சீட்.
ஆமாங்க, இறங்குமுகம்.

பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் கொடுத்தேன்.
ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் நாலடி,
அங்கிருந்து தலைக்கும் நாலடி,
டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு
முக்கோணத்தின் முனையில் உட்கார்ந்தேன்.
மாங்கூழ் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்த மாதம்மாள்
வாசலிலிருந்தே கேட்டாள்,
யாரு குக்கரை இறக்காம வெச்சது?

குக்கர் இல்லை.
மல்லேஷ் "சரணம்" என்கிறான்,
ஆடிப் பண்டிகைக்கான பாட்டு.
அது ச-வா, நான் பாம்புன்னு இருந்தேன் என்றாள்.

மந்தமாக இருக்கிறது, மந்தமாக இருக்கிறது என்று
ஒவ்வொரு பாட்டிலும் நாலாயிரத்தை
ஏற்றி ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.
ஒன்பது பாட்டு. மூன்று கல்யாணத்தில் ஓடியது,
ஒரு கட்சி ஆட்டோவில் ஊரெல்லாம் சுற்றியது.
ஒருவரும் சொல்லவில்லை.
கூம்பு ஸ்பீக்கரில் எல்லாச் சகரமும் பாம்புதானோ என்னவோ.

அவளை முனையில் உட்காரவைத்துவிட்டு
நான் மவுஸோடு பாயில் உட்கார்ந்தேன்.
குத்துற இடத்துல கை தூக்கு.
தூக்கினாள், குறைத்தேன்.
தூக்கினாள், குறைத்தேன்.
எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
கை தெரிந்தது. மஞ்சளேறிய கை,
நகக்கண்ணில் மாம்பழ நார்.

மூன்றாவது சரணத்தில் கை எழவில்லை.
தூங்கிவிட்டாள் என்று திரும்பினேன்.
கண் விழித்துத்தான் இருந்தது.
இவன் இந்த இடத்துல அழுவறானே,
உனக்குத் தெரியுமா?

பின்னால் ஓட்டினேன்.
வலது காதை முன்னால் கொடுத்துக் கேட்டேன்.
இன்னொரு தடவை.
லாரி கியர் மாற்றுவது கேட்டது.

அந்த இடத்தில் மட்டும்
எதையும் தொடாமல் சேமித்தேன்.