காலி டப்பாவின் எடை நூற்றைம்பது

கரக்கோல் சந்தைக்குப் பின்னால்
மலையேறுகிறவர்களுக்கு அடுப்பு வாடகைக்கு விடும் கடை
என்னுடையது.
பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும்
ஏதாவதொரு கூடாரம் காய்ந்துகொண்டிருக்கும்.
அதைப் பார்த்து வந்துவிடுவார்கள்.

இறங்கி வருகிறவர்கள்
பாதி தீர்ந்த எரிவாயு டப்பாக்களை விட்டுப் போவார்கள்.
மாவு நிறுக்கும் தராசில் வைப்பேன்.
காலி டப்பா நூற்றைம்பது கிராம்.
முள் இருநூறில் நின்றால் மிச்சம் ஐம்பது:
நாலு தேநீர், ஒரு சூப். பாதி விலை.
தராசை நம்பாமல்
காதருகே குலுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு,
தர்பூசணிக்குத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

ஒவ்வொரு அடுப்பின் குணமும் எனக்கு அத்துப்படி.
உள்ளங்கைக்குள் அடங்கும் டைட்டானியப் பூச்சி
காற்றடித்தால் கோபித்துக்கொள்ளும்.
சாராய அடுப்பு சத்தமே போடாது,
வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கும் தெரியாது.
போன ஜூலையில் ஒருவர், அணைந்துவிட்டதென்று நினைத்து
மேலும் ஊற்றினார்.
புருவம் வளர்ந்துவிட்டதாக அக்டோபரில் கடிதம் வந்தது.
பிறகு அந்தப் பெட்ரோல் அடுப்பு, சோவியத் காலத்து ஷ்மெல்.
பெயருக்கு வண்டு. இரைச்சலுக்கு டிராக்டர்.
என்ன குளிரானாலும் எரியும்.
என் முன்னாள் கணவர் அதைத்தான் சிபாரிசு செய்வார்
எல்லோருக்கும்,
கேட்காதவர்களுக்கும்.

பதினோரு வருடம் கடை. ஒருநாளும் நான் மேலே போனதில்லை.

செப்டம்பர் கடைசியில் கூட்டம் வடிந்ததும்
ஏழு அடுப்பையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்தில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கும் ஜுலைகா எட்டிப் பார்த்தாள்.
"யாருக்கு, பெர்மெத்?"
"எனக்கு."
"கூட யார் வருகிறது?"
"அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று
அடுப்புகளைக் காட்டினேன்.

வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பது வழக்கம்.
எத்தனை பேர்? எத்தனை நாள்? எவ்வளவு உயரம்?
மூன்று நாள்.
மூவாயிரத்து ஐந்நூறு மீட்டரில் படுக்கை.
முதல் கேள்விக்குத்தான்
கொஞ்சம் நேரம் பிடித்தது.

அந்த உயரத்துக்கு, அந்த மாதத்துக்கு, ஷ்மெல்தான் சரி.
அவர் சொன்னது சரியாகவே இருந்தது.
அதனாலேயே திரும்ப அலமாரியில் வைத்தேன்.
பூச்சியை எடுத்தேன், கூட ஒரு டப்பா:
யாரோ விட்டுப்போனது, முள் இருநூற்று எண்பது.

ஆலாகோல் ஏரிக்கரையில்
கூடாரத்துணி விறைத்துத் தகரமானது.
தீக்குச்சி எரிந்தது, அடுப்பு எரியவில்லை.
நீலமாக ஒரு முனகல், அவ்வளவுதான்.
பட்டாணி டப்பாவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ரொட்டியைக் கடித்தேன்.
ஷ்மெல்லின் இரைச்சல் ஒருமுறை காதில் வந்து போனது.

ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்,
'டப்பாவை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.'
சொல்ல எவ்வளவு சுலபம்.
மூன்று வருடத்துக்குப் பிறகு என் பக்கத்தில்
இன்னொரு உடம்பு,
அதுவும் இரும்புக் குளிர்.
வயிற்றோடு அணைத்துக்கொண்டு
அதையும் திட்டினேன், அவரையும் திட்டினேன்,
திட்டுக்கு நடுவில் எப்போதோ தூங்கிப்போனேன்.

விடிந்ததும் முதல் உரசலிலேயே பிடித்துக்கொண்டது.
அங்கே தண்ணீர் எண்பத்தெட்டு டிகிரியிலேயே கொதித்துவிடும்,
தேயிலை சரியாக இறங்காது.
சுமாரான தேநீர்.
இரண்டு கோப்பை குடித்தேன்.
பாறைமேல் வெயில் வந்து ஏரி நிறம் மாறுகிறவரை
மூன்றாவது.

திரும்பி வந்து தராசில் வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் அறுபத்திரண்டு என்று எழுதி ஒட்டி
பாதி விலை வரிசையில் நிறுத்தினேன்.

மறுநாள் வந்த இளைஞனுக்கு அதையே கொடுத்தேன்.
இரவில் குளிருமே, எரியுமா என்றான்.
"உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்" என்றேன்.
முன்பு இத்தோடு நிறுத்திவிடுவேன்.
"முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொள்.
பிறகு அதுவும் சூடாகிவிடும்."