பதினான்காம் எண் சுவிட்ச்

மினசோட்டாவில் பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
கல்லூரியின் நிலவறைக் கூடத்தில் பண்பாட்டு நாள்.
நான் மின்பணியாளன்.
கொடி கட்டுவது வேறு ஆட்கள்;
என் தோளில் பதினெட்டு நீட்டிப்பு வயர்கள்.

அலுவலகம் தந்த படிவத்தில் மூன்றே கட்டம்:
மேசை எண். நாடு. மின்சாரம் வேண்டுமா.

ஹோதன் வர்சமே, சோமாலியா என்று எழுதி
அடித்துவிட்டு
மினியாபொலிஸ் என்று எழுதி
அதையும் அடித்திருந்தாள்.
மின்சாரம்: ஆம், தேநீருக்கு.

பா ஹூவா வாங் நாட்டுக்கு நேரே
சின்னதாய் ஒரு கோடு.
"மங் மக்களுக்குக் கொடி கிடையாது,
துணி இருக்கிறது" என்று விரித்தாள்.
நீல நூலில் ஓர் ஆறு.
மூங்கிலைக் கட்டிப்பிடித்து நீந்துகிறார்கள்,
ஒருவரும் கட்டைவிரல் உயரம்கூட இல்லை.
கரையேறியவர்களை எண்ணினேன்: பதினொன்று.
ஆற்றில் இருப்பவர்களை
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
அவளுக்கு இரண்டு அரிசிக் குக்கர்.

ரெனி பெலாஞ்சர், ஒஜிப்வே இளைஞன்.
நாடு: இதே இடம்,
மூன்றாம் வாகன நிறுத்தம் உட்பட.
திருத்தித் தரச் சொன்னார்கள்.
"எழுத்துப்பிழை எங்கே?" என்று கேட்டான்.
மின்சாரம்: வேண்டாம்.

எங்கள் நார்வே மேசையும் உண்டு.
என் மைத்துனி சிக்ரிட்,
உருளைக்கிழங்கு ரொட்டி சுட
வண்டிச் சக்கரம்போல் ஒரு மின்கல்லோடு.

பதினொன்றரைக்கு
அத்தனை பேரும் ஒன்றாகச் சொருகினார்கள்.
பட்.

விளக்கும் சொருகியும் ஒரே தடத்தில் ஓடும்
கிழட்டுக் கட்டடம்.
கொடிகள் எல்லாம் ஒரே நிறமாயின:
கறுப்பு.
யாரோ பெருமூச்சோடு, "ஊஃப் டா!"

எங்கள் பாட்டன்மார் கப்பலில் கொண்டுவந்த சொல் அது.
சிக்ரிட்தான் என்று டார்ச்சைத் திருப்பினேன்.
சிக்ரிட்டின் வாய் நிறையச் சம்பூசா.
சொன்னவள் ஹோதன்,
கெண்டியைக் கையில் பிடித்தபடி,
இங்கேயே பிறந்து இங்கேயே அலுத்துக்கொள்ளும் குரலில்.

அந்த இருட்டில் சூடாக இருந்தது ஒன்றுதான்:
ரெனியின் ஆறு பெரிய பிளாஸ்க்குகளில்
ஏரியில் விளைந்த கறுப்பரிசிக் கஞ்சி.
கைபேசி வெளிச்சத்தில் வரிசை நின்றது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஊற்றினான்.
எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

பெட்டியில் பதினான்காம் சுவிட்ச் விழுந்து கிடந்தது.
உடனே தூக்கிவிட்டிருக்கலாம்.
கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத் தூக்கினேன்.

மாலையில் பழுது அறிக்கை.
காரணம் எழுத விரலகலக் கட்டம்.
"எல்லாரும் ஒரே வயரில்" என்று எழுதினேன்.
வாசித்தால் புகார்போல் இருந்தது;
இருக்கட்டும் என்று விட்டேன்.
கீழே சேர்த்தேன்:
அடுத்த ஆண்டுக்கு இன்னும் இரண்டு தடம் இழுக்க வேண்டும்.
படிவத்தில், நாடு என்ற இடத்தில்,
கொஞ்சம் அகலமான கட்டமும்.