மார்பு நாற்பத்திரண்டு

லீட்ஸில் கால்வாயை ஒட்டிய பழைய கம்பளி ஆலை,
மூன்றாம் மாடி. நாடக உடுப்புகளை
வாடகைக்கு விடுகிறோம்.
ஒவ்வொரு கோட்டின் கழுத்துப் பட்டிக்குள்ளும்
போட்டவர் பெயர் நாடாவில் தைத்திருக்கும்,
ஒன்றின் மேல் ஒன்றாக, ஐந்தாறு பெயர்கள்.
எதைப் புரட்டினாலும் அவர்:
ஜி. டிரான்மர். மார்பு நாற்பத்திரண்டு.

போலீஸ் சார்ஜன்ட். பாதிரி. பித்தளைப் பொத்தான்
இரண்டு குறைந்த ரயில் நிலைய அதிகாரி.
ராஜாவின் அங்கியில் தேடிப் பார்த்தேன், இல்லை.
ராஜாவுக்குக் கதவு திறந்தவனின்
உடுப்பில் இருந்தார்.

ஐம்பத்தோரு வருடம்.
"வண்டி காத்திருக்கிறது, ஐயா."
பெரும்பாலும் அவ்வளவுதான் வசனம்.
தொலைக்காட்சியில் நான்கு முறை பிணம்.
பிணத்துக்கும் ஒத்திகை உண்டு என்பார்,
மூச்சை எங்கே ஒளிப்பதென்று.

கடைசியாக அளவெடுக்க வந்த அன்றுதான்
அந்தக் கதையைச் சொன்னார்,
கைகளைத் தூக்கி நின்றபடி,
அக்குளில் என் நாடா.

பிராட்ஃபோர்ட் பஸ், மேல்தட்டு, மழை.
ஒரு பெண் எழுந்து வந்து "டாக்டர்" என்றாளாம்.
எங்கேயோ பார்த்த முகம் என்பது அவருக்குப் பழகியது.
கறிக்கடைக்காரர் என்பார்கள், கூடப் படித்தவன் என்பார்கள்;
ஒருவர் பழைய கடனென்று
பத்துப் பவுண்டைக் கையில் திணித்திருக்கிறார்.
(வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் வேலையில்லை.)

இவள் கேட்டாள்:
"அன்றிரவு நீங்கள்தானே பக்கத்தில் இருந்தீர்கள்.
என் ஹெட்லி ஏதாவது சொன்னாரா?"

ஏழு முறை டாக்டராக நடித்தவர்.
ஏழு முறையும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து
தலையை மட்டும் அசைத்தவர்.
அதற்குமேல் யாரும் எழுதித் தந்ததில்லை.

"உங்களைத்தான் கேட்டார்.
பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.
திறந்தேன்."

அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.
ஈரக் குடையை அவர் மடியிலேயே
மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

"அந்த மனிதர் ஜன்னல் திறந்திருக்க விரும்புகிறவரா,
குளிருக்குப் பயப்படுகிறவரா?
நான் எதைக் கண்டேன்?"
பதினான்கு வருடம் கழித்து என்னிடம் கேட்கிறார்.
என் வாயில் குண்டூசிகள்.

என்ன வேடம் என்று பிறகு கேட்டேன்.
நோயாளி. படுக்கைதான். வசனமில்லை.
பைஜாமாவுக்கு நாற்பது என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்.
"நாற்பத்திரண்டு என்றே போடு, தம்பி.
மெலிந்துவிட்டேன் என்று தெரிந்தால்
கூப்பிடமாட்டார்கள்."