காற்றுக்கும் காசு

எடை ஒன்பது கிலோதான்.
கூரியர் கடைச் சேவுகன் தராசைப் பார்க்கவே இல்லை.
டேப்பை இழுத்தான்.
ஐம்பது, நாற்பது, நாற்பது.
பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து,
பதினாறு என்று எழுதினான்.

ஏழு கிலோ எங்கிருந்து வந்தது என்றேன்.
"உள்ள இருக்கிற காத்துக்கு, அக்கா."

காரைக்குடியில் இருந்துகொண்டு
கணக்கோடு சண்டை போடக் கூடாது.
பெட்டியை ஸ்கூட்டரின் காலடியில் வைத்து
திரும்ப வீட்டுக்கு ஓட்டி வந்தேன்,
வேகத்தடைக்கு வேகத்தடை மூச்சைப் பிடித்துக்கொண்டு.

உள்ளே ஓர் ஆசிலாஸ்கோப்.
ஏதோ கல்லூரி ஏலத்தில் தள்ளிவிட்டது,
மூன்று வாரம் குடைந்து நான் எழுப்பி உட்கார வைத்தது.
அதன் வயிற்றில் நீளக் கழுத்துள்ள கண்ணாடிக் குழாய்.
குழாய்க்குள் காற்றுகூட இல்லை.
அந்த ஒன்றுமில்லாததை
ஒன்றும் ஆகாமல்
சில்சார் வரை அனுப்ப வேண்டும்.

போன தடவை உமியை நம்பினேன்.
புதுவயல் மில்லில் இரண்டு சாக்கு சும்மா கொடுத்தார்கள்.
கொட்டினேன், குலுக்கினேன், அமுக்கினேன்.
நான் குலுக்கியது ஐந்து நிமிடம்.
நாக்பூர் வரை லாரி குலுக்கியது நாலு நாள்.
உமி இறங்கி அமர்ந்துவிட்டது,
பாரம் ஒரு மூலைக்குச் சாய்ந்து
கைப்பிடியால் அட்டையைக் குத்திக்கொண்டு
வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது.
கழுத்து முறிந்து திரும்பி வந்தது.
அதன் மின்விசிறியைக் கழற்றித்தான்
இதற்கு மாட்டியிருக்கிறேன்.

ஆத்தங்குடி ஓடு ஏற்றும் ஜெயக்கொடியிடம் கேட்டேன்.
பீடியை எடுக்காமலே சொன்னார்:
"ஓட்டை ஒடைக்கிறது ரோடு இல்லம்மா, பக்கத்து ஓடு.
ஒண்ணோட ஒண்ணு பேச விடாத."

திருகுகளைக் கழற்றித் தனிப் பையில் போட்டேன்.
டிரான்ஸ்ஃபார்மரின் நாலு ஸ்குரூவையும் இறுக்கினேன்,
இரண்டு கிலோ இரும்பு,
வெளியே யாரும் தொடாமலே உள்ளிருந்து கொல்லக்கூடியது.
முகூர்த்தம் முடிந்த மண்டபத்தின் பின்பக்கம்
மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, புதுக் கருக்கோடு.
டி.வி. கடை வாசலில் தெர்மோகோல் மூலைகள்.
உமையாள் இரண்டே நாள் விரித்த யோகா பாய்,
கேட்காமல் வெட்டிவிட்டேன்.
பெட்டிக்குள் பெட்டி.
நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரல்.
மூன்று விரல் என்றால் சேவுகன் தின்றுவிடுவான்,
ஒரு விரல் என்றால் லாரி.

பிறகு மூன்று செங்கல்லை
ஆசிலாஸ்கோப்பாக நடிக்கச் சொல்லி,
முகத்தில் ஒரு காய்ந்த அப்பளம் கட்டி,
இடுப்பு உயரத்திலிருந்து கையை விட்டேன்.

தூள்.
மறுபடி. தூள்.
யோகா பாயை இரட்டையாக மடித்து, மறுபடி.
ஒரு கீறல்.
மூலைகளைத் திருப்பி வைத்து, மறுபடி.
அப்பளம் முழு நிலாவாக வெளியே வந்தது.
தூளை எல்லாம் பொரித்து
அன்றிரவு ரசத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.
உமையாள் பாயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்துநாலு.
சேவுகன் இரண்டு முறை வகுத்துப் பார்த்தான்.
பதினொன்றரை.
உடையும் பொருள் என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன்,
விபூதி பூசுவது மாதிரி,
பூசினால் நமக்கு ஒரு தெம்பு.
அவன் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
என் கண்ணெதிரிலேயே
பெட்டியைத் தூக்கிக் குவியல்மேல் எறிந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.
இடுப்பு உயரம்தான்.

பதினோராம் நாள் மிருதுளா தேப் படம் அனுப்பினாள்.
பாலிடெக்னிக் மேஜை, மழை ஜன்னல்,
திரையில் பச்சை அலை ஒன்று
ஆடாமல் நின்று ஆடிக்கொண்டிருக்கிறது.
கீழே ஒரு கேள்வி:
மின்விசிறியில் பழுப்பாக ஏதோ சிக்கியிருக்கிறது,
நீங்கள் அனுப்பிய பாகமா?

வாயால் ஊதிவிடுங்கள் என்று எழுதினேன்.
ஒரே ஓர் உமி.
நல்ல வேளை,
சேவுகன் அதற்கு டேப் வைக்கவில்லை.